திமிங்கிலத்தின் பாட்டு

நுழையும்முன்

ஓர் உயிரினம் அழிந்து வருகிறது என்பதைப் புள்ளிவிவரங்கள் காட்டும். ஆனால், அவ்வுயிரினத்தைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் எழுவதற்கு எண்கள் மட்டும் போதுமா? கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் வாழும் திமிங்கிலங்களை உலகம் தன் செவிகளால் அறிந்துகொண்ட வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகிறது. அறிவியலும் இசையும் இணைந்து கடலுயிர்களைக் காக்க முனைந்த அவ்வரலாற்றை விளக்குகிறது இப்பாடம்.

கடற்கரையில் ஓர் இரவு

1960களில் ஓர் இரவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்த கடற்கரையில் திமிங்கிலம் ஒன்று இறந்து ஒதுங்கியிருப்பதாக வானொலி அறிவித்தது. அதைக் காண ரோஜர் பெய்ன் என்னும் இளம் உயிரியலாளர் புறப்பட்டுச் சென்றார். மழை பெய்துகொண்டிருந்தது. கரையில் கிடந்தது பெரிய திமிங்கிலம் அன்று. ஓங்கில் எனப்படும் டால்பின் வகையைச் சேர்ந்த ஒரு சிறிய உயிர். வேடிக்கை பார்க்க வந்தவர்களுள் ஒருவர் அதன் வால்துடுப்பை நினைவுப் பொருளாக வெட்டிச் சென்றிருந்தார். வேறு இருவர் தம் பெயரின் முதலெழுத்துகளை அதன் விலாவில் கீறியிருந்தனர். அதன் மூச்சுத்துளையில் யாரோ சுருட்டுத் துண்டு ஒன்றைச் செருகியிருந்தனர். பெய்ன் அத்துண்டை எடுத்து எறிந்தார். நெடுநேரம் அங்கேயே நின்றார்.

இருளில் ஆந்தை தன் இரையின் சலசலப்பை மட்டும் கேட்டு அதைப் பிடிக்கும் திறனை ஆராய்ந்தவர் பெய்ன். ஒலியைப் பற்றிய தம் அறிவை, மனிதரால் துன்புறும் உயிர்களின் நலனுக்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் அன்று அவருக்கு வலுப்பெற்றது. அவ்வெண்ணமே அவரைத் திமிங்கிலங்களிடம் அழைத்துச் சென்றது.

ஒலியே வழிகாட்டி

நிலத்தில் வாழும் மனிதர் பெரிதும் கண்ணை நம்பி வாழ்கின்றனர். கடலின் நிலை வேறு. கதிரவனின் ஒளி 200 மீட்டர் ஆழத்திற்குக் கீழே மிகக் குறைவாகவே செல்லும். 1000 மீட்டருக்குக் கீழே முற்றிருள்தான். ஆனால், ஒலிக்கு நீர் மிகச் சிறந்த ஊடகம். காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவு செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. ஆழ்கடலின் ஒரு குறிப்பிட்ட அடுக்கில் நீரின் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து, ஒலி மேலும் கீழும் சிதறிவிடாமல் அதனை வளைத்து உள்ளேயே செலுத்துகின்றன. அவ்வடுக்கில் புகுந்த தாழ்ந்த அதிர்வெண் ஒலி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு வரையிலும் சென்று சேரும்.

எனவேதான் கடலுயிர்கள் பலவும் ஒலியைக் கொண்டே வாழ்க்கை நடத்துகின்றன. ஓங்கில்கள் சொடுக்கொலிகளை எழுப்பி, அவற்றின் எதிரொலியால் இரையைக் கண்டறிகின்றன. மீன்கள் பலவும் தம் காற்றுப்பையை அதிரச் செய்து ஒலி எழுப்புகின்றன. பவளப்பாறைகளில் வாழும் சொடுக்கு இறால் தன் கொடுக்கை மிக விரைவாக மூடும்போது ஒரு நீர்க்குமிழி உண்டாகி உடைகிறது. ஆயிரக்கணக்கான இறால்கள் இவ்வாறு செய்யும்போது, தாளிக்கும் சட்டியில் கடுகு வெடிப்பதைப் போன்ற ஓசை பாறை முழுவதும் பரவுகிறது.

இவ்வளவு ஓசை நிறைந்த கடலை மனிதர் நெடுங்காலம் அமைதியின் இருப்பிடமாகவே கருதி வந்தனர். ஆழ்கடலை உலகிற்குக் காட்டி, 1956இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆவணப்படத்தின் பெயரே 'மௌன உலகம்' என்பதுதான். கடல் மௌனமாக இருக்கவில்லை. மனிதரின் செவிதான் நீருக்குள் எட்டவில்லை.

எண்ணெயாகத் தெரிந்த உயிர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெடிமருந்து பொருத்திய ஈட்டியைப் பீரங்கியால் எய்யும் முறை நார்வே நாட்டில் உருவானது. இருபதாம் நூற்றாண்டில், கொன்ற திமிங்கிலத்தைக் கடலிலேயே அறுத்துப் பதப்படுத்தும் ஆலைக்கப்பல்கள் வந்தன. திமிங்கிலத்தின் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெய் விளக்கெரிக்கவும் சவர்க்காரம் செய்யவும் இயந்திரங்களுக்கு உயவுப்பொருளாகவும் பயன்பட்டது. செயற்கை வெண்ணெயாகி உணவு மேசைக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

வேட்டையை முறைப்படுத்துவதற்காக 1946ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் அமைந்தது. ஆயினும், வேட்டை நாடுகள் பிடிக்கும் அளவு குறையவில்லை. தடை செய்யப்பட்ட இனங்களைப் பிடித்துவிட்டுக் கணக்கை மறைத்த நிகழ்வுகளும் உண்டு. சோவியத் ஒன்றியத்தின் கப்பல்கள் தென்கடலில் கொன்ற கூன்முதுகுத் திமிங்கிலங்களின் உண்மையான எண்ணிக்கை, அறிவிக்கப்பட்டதைப்போலப் பல மடங்கு என்பது பிற்காலத்தில்தான் வெளிப்பட்டது.

இத்தனைக்கும் மக்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலோர் உயிருள்ள திமிங்கிலத்தைக் கண்டதில்லை. கண்டவர்களும் கடலின் மேற்பரப்பில் ஒரு முதுகையோ வாலையோ சில நொடிகள் மட்டுமே கண்டனர். அறியாத ஓர் உயிருக்காக யார் கண்ணீர் விடுவர்?

பெர்முடாவில் கிடைத்த ஒலிநாடா

வட அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள பெர்முடா தீவில், கடலடி ஒலிகளைக் கண்காணிக்கும் நிலையம் ஒன்று அமெரிக்கக் கடற்படைக்காக இயங்கி வந்தது. அங்கே பணியாற்றிய பொறியாளர் ஃபிராங்க் வாட்லிங்டன். நீரடி ஒலிவாங்கிகளைக் கொண்டு வெடியோசைகளைப் பதிவு செய்வது அவருடைய பணி. 1950களில் அவ்வொலிவாங்கிகளில் முனகலும் கீச்சொலியும் உறுமலும் கலந்த விந்தையான ஓசைகள் பதிவாயின. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அத்தீவைக் கடந்து செல்லும் பருவத்திலேயே அவை கேட்டன. ஓசையின் உரிமையாளர் யார் என்பது அவருக்குப் புரிந்தது.

ஆனால், அவர் அதனை எங்கும் பறைசாற்றவில்லை. ஓசையைக் கொண்டு திமிங்கிலங்களின் இருப்பிடத்தை வேட்டைக்காரர் கண்டுகொள்வரே என்று அஞ்சினார். திமிங்கிலங்களைத் தேடி 1967இல் பெர்முடாவுக்கு வந்த ரோஜர் பெய்னையும் அவர் மனைவி கேட்டி பெய்னையும் சந்தித்தபோதுதான், நம்பிக்கைக்கு உரியவர்கள் என உணர்ந்து அவ்வொலியை அவர்களுக்குக் கேட்கச் செய்தார். கப்பலின் இயந்திர இரைச்சலுக்கு நடுவே செவிப்பொறியை அணிந்து கேட்ட இருவரும் நெகிழ்ந்து போயினர். அதற்கு முன் அதுபோன்ற ஒலியை அவர்கள் கேட்டதில்லை. வாட்லிங்டன் தம் பதிவுகளை அவர்களிடம் ஒப்படைத்தார்.

பாட்டின் இலக்கணம்

ரோஜர் பெய்ன் அந்த நாடாவை மீண்டும் மீண்டும் கேட்டார். சிறிது நேரத்திற்கு முன் கேட்ட ஒலியே மறுபடியும் வருவதை அவர் செவி உணர்ந்தது. ஆனால், செவியின் சான்று மட்டும் அறிவியலுக்குப் போதாது. ஒலியின் உயர்வு தாழ்வுகளைத் தாளில் கோடுகளாகப் பதிக்கும் கருவியைக் கொண்டு பதிவுகள் நீண்ட வரைபடங்களாக மாற்றப்பட்டன. ஸ்காட் மெக்வே என்பவரும் கணித அறிஞரான அவர் மனைவி ஹெல்லா மெக்வேயும் அவ்வரைபடங்களில் அமைந்த ஒழுங்கைக் கண்டறிய உழைத்தனர். இசையும் உயிரியலும் பயின்ற கேட்டி பெய்னும் அவற்றை ஆராய்ந்தார்.

பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் 'சயின்ஸ்' என்னும் அறிவியல் இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் ஒலி, நோக்கமற்ற கூச்சல் அன்று. அதற்கு அடுக்கடுக்கான அமைப்பு உண்டு. தனி ஒலிகள் சில சேர்ந்து ஒரு தொடராகின்றன. அத்தொடர் பலமுறை திரும்ப வந்து ஒரு பகுதியாகிறது. அப்பகுதிகள் மாறாத வரிசையில் அமைந்து ஒரு பாட்டாகின்றன. எழுத்து சொல்லாகவும், சொல் அடியாகவும், அடி செய்யுளாகவும் அமைவதற்கு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். ஒரு பாட்டு ஏழு நிமிடம் முதல் முப்பது நிமிடம் வரை நீளும். பாடி முடித்த திமிங்கிலம் இடைவெளியின்றி முதலிலிருந்து மீண்டும் தொடங்கும். இவ்வாறு பல மணிநேரம் பாடும்.

பாடுவன ஆண் திமிங்கிலங்கள் என்பதும், ஒரு கடற்பகுதியைச் சேர்ந்தவை யாவும் ஒரே பாட்டைப் பாடும் என்பதும் பின்னர்த் தெளிவாயின. அப்பாட்டும் நிலையானது அன்று. ஆண்டுதோறும் பழைய பகுதிகள் சில மறையும். புதியன சில சேரும். அம்மாற்றத்தைக் கூட்டம் முழுவதும் ஏற்றுக்கொள்ளும். இதனைப் பல ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டுக் காட்டியவர் கேட்டி பெய்ன். நீண்ட பாடல்களில், நம் செய்யுளின் இயைபைப் போல ஒரேவகை ஒலியில் முடியும் தொடர்கள் மிகுதியாக வருவதையும் அவர் தம் உடன் ஆய்வாளருடன் சேர்ந்து சுட்டினார். நீண்ட பாட்டை நினைவில் நிறுத்த அவ்வமைப்புத் துணைசெய்யக்கூடும் என்பது அவர்கள் கருத்து.

தெரியுமா?
தென் பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் தோன்றிய கூன்முதுகுத் திமிங்கிலப் பாட்டு, சில ஆண்டுகளில் ஒவ்வொரு கூட்டமாகக் கிழக்கு நோக்கிப் பரவிப் பிரெஞ்சுப் பாலினேசியா வரை சென்று சேர்வதை ஆய்வாளர் 2011இல் வெளியிட்டனர்.

ஆய்வகத்திலிருந்து வீட்டுக் கூடத்திற்கு

அறிவியல் இதழைப் படிப்போர் சிலரே. திமிங்கிலம் காக்கப்பட வேண்டுமானால் அதன் குரல் மக்களின் இல்லங்களுக்குள் செல்ல வேண்டும் என்பதைப் பெய்ன் உணர்ந்திருந்தார். ஆகவே, ஆய்வுக் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, 1970இல், 'கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாடல்கள்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் மனிதக் குரல் இல்லை, இசைக்கருவி இல்லை, கடலும் திமிங்கிலமும் மட்டுமே இருந்தன. இயற்கையின் ஒலிகளைத் தாங்கி வந்த பதிவு ஒன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றது அன்று யாரும் எதிர்பாராதது.

பெய்ன் அதனோடு நிற்கவில்லை. பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் தேடிச் சென்று ஒலிநாடாக்களை வழங்கினார். அவற்றைப் பெற்ற கலைஞர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் அக்குரலுக்கு இடமளித்தனர்.

நாட்டுப்புறப் பாடகியான ஜூடி காலின்ஸ் 1970இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில், ஸ்காட்லாந்தின் பழம்பாடல் ஒன்றைப் பக்க இசையின்றிப் பாடினார். திமிங்கில வேட்டைக்குப் புறப்படும் மாலுமி தன் ஊரிடம் விடைபெறும் பாடல் அது. அதற்கு இணையாக ஒலித்தது திமிங்கிலத்தின் குரல். வேட்டையாடச் செல்பவனின் பிரிவுத் துயரும் வேட்டையாடப்படும் உயிரின் குரலும் ஒரே பாடலில் அருகருகே நின்றன. காலின்ஸ் அறிவுரை எதுவும் கூறவில்லை. கேட்டவர்களே பொருளை உணர்ந்துகொண்டனர்.

அதே ஆண்டில் ஆலன் ஹோவானெஸ் என்னும் இசையமைப்பாளரின் படைப்பை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அரங்கேற்றியது. அதில் பெரிய இசைக்குழு ஓய்ந்து வழிவிட, பதிவு செய்யப்பட்ட திமிங்கிலங்கள் பாடுகின்றன. 1971இல் ஜார்ஜ் கிரம்ப் புல்லாங்குழல், செல்லோ, பியானோ ஆகிய மூன்று கருவிகளுக்கு 'திமிங்கிலத்தின் குரல்' என்னும் பொருள்படும் படைப்பை எழுதினார். இதில் திமிங்கிலப் பதிவுகள் இல்லை. இசைக்கருவிகளே கடலின் ஓசையை எழுப்புகின்றன. கலைஞர்கள் கருநிறப் பாதி முகமூடி அணிந்து, நீலநிற ஒளியில் இசைக்க வேண்டும் என்பது கிரம்பின் குறிப்பு. மனித முகங்கள் மறைந்தால் இயற்கை முன்னிற்கும் என்பது அதன் உட்பொருள்.

1979 சனவரியில் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ், மெல்லிய நெகிழித் தட்டு ஒன்றில் திமிங்கிலப் பாடலைப் பதித்து இதழுடன் இணைத்து வழங்கியது. அதற்காக அச்சிடப்பட்ட தட்டுகளின் எண்ணிக்கை ஒரு கோடியே ஐந்து இலட்சம்.

தெரியுமா?
1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டுகளைத் தாங்கிச் செல்கின்றன. அவற்றில் 55 மனித மொழிகளின் வாழ்த்துகளோடு கூன்முதுகுத் திமிங்கிலத்தின் குரலும் பதிக்கப்பட்டுள்ளது.

பாட்டிலிருந்து சட்டத்திற்கு

பாட்டைக் கேட்டவர்கள் வினா எழுப்பத் தொடங்கினர். இவ்வாறு பாடும் உயிரைச் சவர்க்காரத்திற்காகவும் எண்ணெய்க்காகவும் கொல்வது முறையா? 1972ஆம் ஆண்டு சூன் திங்களில் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகள் அவையின் மனிதச் சூழல் மாநாடு, வணிகத் திமிங்கில வேட்டையைப் பத்தாண்டுகள் நிறுத்திவைக்குமாறு பரிந்துரைத்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கா, கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. 1975இல் கிரீன்பீஸ் அமைப்பினர் சிறு கப்பலில் பசிபிக் கடலுக்குச் சென்று, வேட்டைக் கப்பல்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் இடையே தம் படகுகளைச் செலுத்தித் தடுத்தனர். அக்கப்பலில் இசைக்கலைஞர்களும் இருந்தனர்.

1979இல் செஷல்ஸ் நாட்டின் முன்மொழிவை ஏற்று இந்தியப் பெருங்கடல் திமிங்கிலப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1982இல் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையத்தில் வணிக வேட்டையை நிறுத்திவைக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 25 நாடுகளும் எதிராக 7 நாடுகளும் வாக்களித்தன. 5 நாடுகள் நடுநிலை வகித்தன. 1985-86ஆம் ஆண்டின் வேட்டைப் பருவம் முதல் தீர்மானம் நடைமுறைக்கு வந்தது.

இவ்வெற்றிக்கு இசை ஒன்றே காரணம் என்று கூறுவது பொருந்தாது. கனிம எண்ணெயும் தாவர எண்ணெய்களும் திமிங்கில எண்ணெயின் இடத்தைப் பிடித்திருந்தன. திமிங்கிலங்களே அருகிவிட்டதால் வேட்டையில் வருவாயும் குறைந்திருந்தது. கணக்கெடுத்த அறிவியலாளரும் வாதிட்ட சட்ட அறிஞரும் போராடிய இளைஞரும் இதில் பங்கு கொண்டவர்களே. ஆயினும், இவர்கள் அனைவரின் சொல்லுக்கும் மக்கள் செவிசாய்க்குமாறு உள்ளங்களைப் பண்படுத்தியது அப்பாட்டு. எண்ணெயாகத் தெரிந்த உயிரை அது பாடகனாகக் காட்டியது.

பயன் கண்கூடானது. பிரேசில் நாட்டுக் கரையை ஒட்டி வாழும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 1950களில் ஏறத்தாழ 450 மட்டுமே எஞ்சியிருந்தன. அவை 25,000 அளவிற்குப் பெருகிவிட்டதாக 2019இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. எனினும், எல்லா இனங்களும் இவ்வாறு மீளவில்லை. சில நாடுகளில் வணிக வேட்டையும் முற்றிலும் ஒழியவில்லை.

புதிய பகை: இரைச்சல்

ஈட்டியிலிருந்து தப்பிய திமிங்கிலங்களை இன்று வேறொரு தீங்கு சூழ்ந்துள்ளது. உலக வணிகத்தின் பெரும்பகுதி கப்பல்கள் வழியே நடைபெறுகிறது. கப்பலின் உந்துசுழலியும் இயந்திரமும் எழுப்பும் தாழ்ந்த அதிர்வெண் ஒலி, பெருந்திமிங்கிலங்கள் பேசும் அதே ஒலியெல்லைக்குள் அமைகிறது. சந்தை இரைச்சலில் தாயின் அழைப்பு குழந்தையின் காதில் விழாதது போல, திமிங்கிலத்தின் குரல் அவ்விரைச்சலில் மூழ்கிவிடுகிறது.

இதனை மெய்ப்பித்தது எதிர்பாராத ஒரு நிகழ்வு. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலை அடுத்துக் கப்பல் போக்குவரத்துச் சில நாள் குறைந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கடலடி இரைச்சல் 6 டெசிபெல் தணிந்தது. அப்போது அங்கே வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களின் கழிவுகளைச் சேகரித்துவந்த ஆய்வாளர், அவற்றில் மன அழுத்தத்தைக் காட்டும் இயக்குநீரின் அளவு குறைந்திருப்பதைக் கண்டனர். கப்பல்கள் ஓய்ந்த அந்தச் சில நாள்களில் திமிங்கிலங்கள் அமைதி பெற்றிருந்தன. 2012இல் வெளியான இவ்வாய்வு, இரைச்சலும் ஒரு மாசுதான் என்பதை உறுதிப்படுத்தியது.

பிற மாசுகளைப்போல இது கடலில் தங்கிவிடுவதில்லை என்பது ஆறுதலான செய்தி. இயந்திரம் ஓய்ந்தால் இரைச்சலும் மறையும். கனடாவின் மேற்குக் கரையில் கப்பல்கள் குறிப்பிட்ட நீரிணையைக் கடக்கும்போது வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. அருகிவரும் ஓர்க்கா திமிங்கிலங்கள் இரைதேடும் இடம் அது. வேகம் குறைந்தபோது ஓசையும் குறைந்தது.

கண்ணுக்குத் தெரியாத இம்மாசை உணர்த்துவதில் ஒலிக்கலைஞர்களின் பங்கு பெரிது. நார்வே நாட்டின் யானா விண்டெரென் கணிதம், வேதியியல், மீன் சூழலியல் ஆகியவற்றைப் பயின்று பின்னர்க் கலைத்துறைக்கு வந்தவர். நீரடி ஒலிவாங்கிகளைப் பனிப்பாறைகளின் பிளவுகளிலும் ஆழ்கடலிலும் இறக்கி, அங்கே பதிவாகும் ஒலிகளைக் கொண்டு படைப்புகளை உருவாக்குகிறார். வடதுருவப் பனியின் விளிம்பில், இளவேனிலில் நுண்ணுயிர்த் தாவரங்கள் செழிக்கும் பகுதியின் ஒலிகளை ஒரு படைப்பில் கேட்கச் செய்துள்ளார். இருண்ட அரங்கில் அமர்ந்து அவற்றைக் கேட்பவர்கள், வெற்று நீர் என்று எண்ணிய இடத்தில் எத்தனை உயிர்கள் வாழ்கின்றன என்பதை உணர்கின்றனர்.

பாறையை நோக்கி ஓர் அழைப்பு

ஒலி மனிதருக்கு மட்டுமன்றிக் கடலுயிர்களுக்கும் அழைப்பாக அமையும். நலமான பவளப்பாறை ஓயாத ஓசை உடையது. திறந்த கடலில் மிதக்கும் இளம் மீன்கள் அவ்வோசையைக் கேட்டே தாம் வாழத்தக்க பாறையைத் தேடி வருகின்றன. கடல் வெப்பமடைவதால் பவளங்கள் வெளிறி இறக்கும்போது பாறையின் ஓசையும் அடங்கிவிடுகிறது. ஓசை அடங்கினால் மீன்கள் வருவதில்லை. பாசியை மேய்ந்து பாறையைத் தூய்மையாக வைக்கும் மீன்கள் வராததால் பாறை மீள்வதும் அரிதாகிறது.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2016, 2017ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து வெளிறியது. அங்கே இறந்த பவளத் துண்டுகளைக் குவித்து ஆய்வாளர் சிறு திட்டுகளை அமைத்தனர். அவற்றுள் சிலவற்றின் அருகே நீரடி ஒலிபெருக்கிகளை வைத்து, நலமான பாறையின் ஓசையை நாற்பது நாள் ஒலிக்கச் செய்தனர். ஒலி எழுப்பிய திட்டுகளுக்கு, அமைதியான திட்டுகளைப் போல இருமடங்கு மீன்கள் வந்து சேர்ந்தன. மீனினங்களின் எண்ணிக்கையும் 50 விழுக்காடு மிகுந்தது. இம்முடிவுகள் 2019இல் வெளியாயின.

இச்செய்தியை அளவறிந்து கொள்ள வேண்டும். ஒலிபெருக்கி மீன்களை அழைக்கலாம். கடலின் வெப்பத்தைத் தணிக்காது. வெப்பம் தொடர்ந்து உயர்ந்தால், அழைப்பைக் கேட்டு வந்த மீன்களுக்கு வாழிடம் இராது. 1970இன் இசைத்தட்டு சட்டமாக மாறியதால்தான் திமிங்கிலம் பிழைத்தது. அதுபோலவே, இன்றைய ஒலிக்கலையும் செயலாக மாறினால்தான் பவளம் பிழைக்கும்.

நம் கடலில் ஒரு பாட்டு

பெரும்பாலான கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்கடலில் இரையுண்டு, வெப்பக்கடலில் ஈனுவதற்காக நெடுந்தொலைவு வலசை செல்வன. அரபிக்கடலின் கூட்டமோ வலசை செல்லாமல் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கிறது. அதன் பாட்டும் பிற கூட்டங்களின் பாட்டிலிருந்து வேறுபட்டது. ஓமன் கரையோரத்தில் அவற்றின் எண்ணிக்கை நூற்றுக்கும் குறைவு எனக் கணிக்கப்பட்டுள்ளது. செயற்கைக்கோள் வழியே தடமறியும் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் திமிங்கிலத்திற்கு ஆய்வாளர் லுபான் எனப் பெயரிட்டிருந்தனர். சாம்பிராணி தரும் மரத்தைக் குறிக்கும் அரபுச் சொல் அது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் லுபான் ஓமன் கடலிலிருந்து அரபிக்கடலைக் கடந்து இந்தியாவின் மேற்குக் கரையை வந்தடைந்தது. பின்னர் ஓமனுக்கே திரும்பியது. அது கடந்து சென்றது உலகின் நெருக்கமான கப்பல் வழிகளுள் ஒன்று.

திருக்குறள் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. அறிவுடையோர் சொல்லைச் செவிமடுப்பதன் சிறப்பை அது உரைக்கிறது. சொல் அறியாத உயிர்களின் குரலுக்கும் செவிகொடுக்க வேண்டிய காலம் இது. பாஸ்டன் கடற்கரையில் இறந்த ஓங்கிலின் உடலில் தம் பெயரைக் கீறியவர்களும், சில ஆண்டுகள் கழித்து இசைத்தட்டில் திமிங்கிலத்தின் பாட்டைக் கேட்டு நெகிழ்ந்தவர்களும் ஒரே நாட்டு மக்களே. இடையில் நிகழ்ந்தது ஒன்றுதான்: அவர்கள் கேட்டார்கள். கேட்டதனால் அறிந்தார்கள், அறிந்ததனால் காக்க முன்வந்தார்கள்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் நீர்நிலை, தோப்பு, கடற்கரை ஆகியவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் அதிகாலையில் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கேட்கும் ஒலிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் மனிதர் எழுப்பியவை, இயற்கை எழுப்பியவை எவையெனப் பிரித்துக் காட்டுக.

2. 'திமிங்கிலத்தைக் காத்தது அறிவியலா, கலையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. இரைச்சலும் ஒரு மாசு என்பதை உணர்த்தும் வகையில் பள்ளி இலக்கிய மன்றத்தில் வழங்குவதற்கேற்ற சிற்றுரை ஒன்றை எழுதுக.